துப்பாக்கியோட ஃப்ரண்ட் சைட்டுக்கு நியான் கலர்: நெயில் பாலிஷ், ஸ்டேஷனரி கடை அக்ரிலிக், ஃபாரின் பேனா மூணையும் பூசிப் பாத்த ரிவ்யூ

முடிவ முதல்லயே சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிடலாம். ஜெயிச்சது ஸ்டேஷனரி கடையில விக்கற சின்ன ஃப்ளோரசன்ட் அக்ரிலிக் பாட்டில்தான், ஆனா அடியில வெள்ளை பூசி, மேல மேட் க்ளியர் நெயில் பாலிஷ் ஒரு கோட் குடுத்தா மட்டும். வெள்ளை இல்லாம எந்த கம்பெனி எந்த விலை பெயிண்ட் பூசினாலும் காசு வேஸ்ட்டுங்க. ஏன்னு கீழ விலாவாரியா சொல்றேன்.

யாருக்காக எழுதறேன்னா, நம்ம கிருஷ்ணகிரி தருமபுரி பக்கம் தோப்புல தனியா இருக்கறதால லைசென்ஸ் போட்டு ரிவால்வர் வச்சிருக்கறவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க, அப்புறம் மனு பாக்கர் பாரிஸ்ல 2024ல மெடல் வாங்கினதுக்கப்புறம் பசங்களுக்கு ஏர் பிஸ்டல் வாங்கிக் குடுத்த அப்பா அம்மாவும் இருக்காங்க. ரெண்டு கூட்டத்துக்கும் பிரச்சன ஒண்ணுதான், குறி பாக்கறதுக்கு பேரல் நுனில நிக்கற அந்த சின்ன தகடு, அதாவது ஃப்ரண்ட் சைட், கண்ணுக்குத் தெரியல. என்கிட்ட இருக்கறது கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி பாயின்ட் 32 ரிவால்வர், ஆறு ரவுண்டு, அது கூட ப்ராக்டீஸுக்கு ஒரு பாயின்ட் 177 ஏர் பிஸ்டல். ரிவால்வர் நல்ல உழைப்பாளிங்க, அதுல எனக்கு குறையே இல்ல, ஆனா பேரல், சைட், ஃப்ரேம் எல்லாமே கருப்பு. மாமரத்துக்கு அடியில சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நீட்டிப் பாத்தா பின்னாடி பின் சைட்ல இருக்கற பள்ளமும் கருப்பு முன்னாடி இருக்கற தகடும் கருப்பு அதுக்குப் பின்னாடி மரத்தோட தூரும் கருப்பு, எது எங்க முடியுதுன்னே புரியாது.

இதுல வயசு வேற சேந்துக்குது. நாப்பது தாண்டினா வெள்ளெழுத்து வந்துடும், கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் விறைச்சிப் போயி கிட்ட இருக்கறதுக்கு ஃபோகஸ் மாத்த முடியாம போறதுதான் அது. கைய நீட்டிப் பிடிச்சா ஃப்ரண்ட் சைட் கண்ணுல இருந்து ரெண்டு அடிக்குக் கொஞ்சம் மேல இருக்கும், அந்த தூரம்தான் சரியா மாட்டிக்கற இடம், படிக்கற கண்ணாடி போட்டா தகடு ஓரளவு தெரியுது ஆனா எதிர்ல இருக்கறது கலங்கிடுது, கழட்டினா எதிர்ல தெளிவா இருக்குது தகடு பஞ்சு மாதிரி ஆயிடுது. சுடறவன் பாக்க வேண்டியது பின் சைட்டயும் இல்ல டார்கெட்டயும் இல்ல, முன் சைட்டத்தான், இத எந்த கோச்ச கேட்டாலும் சொல்வாங்க. அந்த முக்கியமான பொருளே கண்ணுக்கு ஆப்படலன்னா அப்புறம் எப்படிங்க.

பெயிண்ட் அடிச்சா வெள்ளெழுத்து சரியாகாது, அத தெளிவா சொல்லிக்கறேன். தகடோட ஓரம் கலங்கலாத்தான் தெரியும். ஆனா கலங்கினாலும் கலர் கண்ணுல நிக்கும், தேட வேண்டியதில்ல. அந்த தேடற நேரம் மிச்சம் ஆகறதுக்குத்தான் இத்தன பாடு.

முதல்ல நெயில் பாலிஷ். கிருஷ்ணகிரி ரவுண்டானா கிட்ட ஃபேன்சி ஸ்டோர்ல நியான் ஆரஞ்சு, நியான் பச்சை ரெண்டும் சின்ன பாட்டில் வாங்கினேன், ரெண்டும் சேத்தே நூறு ரூபாக்குள்ளதான். கடை அக்கா "பாப்பாவுக்கா அண்ணா, மேட் வேணுமா க்ளாஸி வேணுமா"ன்னு கேட்டாங்க, விஷயத்த சொன்னதும் அவங்களே நாலஞ்சு பாட்டில தொறந்து வெள்ளை அட்டையில ஒரு கோடு கருப்பு அட்டையில ஒரு கோடு போட்டுக் காட்டினாங்க. இப்படி ஒரு கடைய நான் பாத்ததில்ல. அந்த கருப்பு அட்டைய பாத்தவுடனே பாதி விஷயம் விளங்கிடும்ங்க, வெள்ளை மேல பளிச்சுன்னு எரியற அதே ஆரஞ்சு கருப்பு மேல காஞ்சி போன செங்கல் கலர்ல கிடக்குது. நியான் கலர் எல்லாமே பாதி கண்ணாடி மாதிரி, வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து போயிடும், அடியில கருப்பு இரும்பு இருந்தா அது முழுங்கிடும், வெள்ளை இருந்தா திருப்பி அனுப்பும். அவ்ளோதான் சூட்சுமம்.

நெயில் பாலிஷோட ப்ளஸ் என்னன்னா சீக்கிரம் காயும், பிரஷ் கூடவே வருது, ரெண்டு ஊர்லயும் எந்த சந்துலயும் கிடைக்கும். மைனஸ் ரெண்டு. ஒண்ணு, பளபளன்னு இருக்கறதால வெயில் பக்கவாட்டுல அடிச்சா சைட்டோட அந்த ஓரம் மட்டும் ஜொலிக்கும், கண்ணு அந்த ஜொலிப்பதான் நடுன்னு எடுத்துக்கும், குண்டு ஒரு பக்கமா போகும். காலைல கிழக்க பாத்தும் சாயங்காலம் மேற்க பாத்தும் அடிச்சிப் பாருங்க வித்தியாசம் தெரியும். ரெண்டாவது, துப்பாக்கி துடைக்கற சால்வென்ட் பட்டா கொழகொழன்னு ஆயிடும். ரிவால்வர்ல பேரல் மூக்குக்கு நேர் மேலதான் ஃப்ரண்ட் சைட், சுட்டவுடனே கரி படியும், கரிய துடைக்காம இருக்க முடியாது, துடைச்சா பாலிஷும் துணியோட வருது. எலக்ஷன் டைம்ல எல்லாரும் போல நானும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வந்தேன், குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா எண்ணெய் விட்டுத்தான் குடுத்தேன், திரும்ப கைக்கு வந்தப்ப அந்த எண்ணெய் ஓரமா ஊறி ஆரஞ்சு செதில் செதிலா தூக்கிட்டு நின்னுச்சு. நகத்தால தட்டினா மொத்தமா வந்துடுச்சு. அதனால எண்ணெய் அதிகம் விடறவங்களுக்கு நெயில் பாலிஷ் மட்டும் பத்தாது.

அடுத்து ஸ்டேஷனரி கடை அக்ரிலிக். ஸ்கூல் பசங்க ஃபேப்ரிக் பெயிண்டிங், மண்பானை பெயிண்டிங்க்கு வாங்கறது, அதுல ஃப்ளோரசன்ட்னு தனியா வரும். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய ஸ்டேஷனரி கடைங்கள்ல கேட்டா எடுத்துக் குடுப்பாங்க, ஒரு பாட்டில் 30, 40 ரூபா. தண்ணி பேஸ், அதனால நாத்தம் கிடையாது, காயறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைச்சா சுத்தமா வந்துடும், பிடிக்கலன்னா திரும்பப் பூசிக்கலாம். காஞ்சதும் மேட்டா நிக்குது, ஜொலிப்பு இல்ல. கலர் ரொம்ப மெல்லிசா ஏறும் அதனால மூணு கோட்டு நாலு கோட்டு குடுக்கணும், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல இருவது நிமிஷம் விடணும், பொறுமை இல்லாதவங்களுக்கு இது சரிப்படாது. நம்ம ஊர் மார்ச் ஏப்ரல் வெயில்ல சீக்கிரம் காயுது, ஐப்பசி மழையில ராத்திரி முழுக்க விட்டுடறது நல்லது.

இந்த அக்ரிலிக் மேலதான் க்ளியர் நெயில் பாலிஷ் ஒரே ஒரு மெல்லிய கோட். அப்ப ஜொலிப்பு வராதான்னு கேப்பீங்க. ஃபேன்சி ஸ்டோர்லயே மேட் டாப் கோட்னு தனியா இருக்குது, அத வாங்குங்க. அந்த ஒரு கோட் போட்டதுக்கப்புறம் எண்ணெய்த் துணி பட்டாலும் கலர் அசையல, கரிய காஞ்ச துணியால தேச்சா போயிடுது. சால்வென்ட் மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது, பேரல் உள்ள சுத்தம் பண்ணும்போது சைட்டுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க.

ஃபாரின் சைட் பேனா செட் ஒண்ணு, வெள்ளை பச்சை சிவப்புன்னு மூணு பேனாவா வரும், துப்பாக்கி சாமான் விக்கற ஆன்லைன் கடையில வாங்கினது. விலை நம்ம ஊர் பாட்டில விட பல மடங்கு. கலர் நல்ல கலர், மறுக்க மாட்டேன், வெள்ளை கூடவே குடுக்கறாங்க பாருங்க, அதுலயே தெரியுது செஞ்சவங்களுக்கு விஷயம் தெரியும்னு. ஆனா பேனா முனை தடிமனா இருக்குது, நம்ம ரிவால்வர் தகடு ஒல்லி, நேரா பூசினா ரெண்டு பக்கமும் வழியுது. ஒரு சொட்டு பாட்டில் மூடியில விட்டு பல்குச்சி நுனியால தொட்டு வச்சா அழகா வருது, அப்படி பல்குச்சியாலதான் பூசணும்னா அதுக்கு 30 ரூபா பாட்டிலே போதும்ல. காசு பத்தி கவல இல்லாதவங்க வாங்கலாம், மத்தவங்களுக்கு அவசியமே இல்ல.

இன்னொண்ணு ஆன்லைன்ல 'இருட்டுல எரியும்'னு போட்டு விக்கற பொடி பெயிண்ட். பேர் சொல்ல விரும்பல. டார்ச் காட்டிட்டு லைட்ட அணைச்சா கொஞ்ச நேரம் பச்சையா மினுங்குது அப்புறம் மங்கிடுது, பகல்ல பாத்தா வெளுத்த சுண்ணாம்பு கலர், பகலுக்கும் உதவல ராத்திரிக்கும் உதவல. பொடி கரகரன்னு இருக்கறதால சைட்டோட முகம் மேடு பள்ளமா ஆயிடுது. திருப்பி அனுப்பலாம்னா 'ஓபன் பண்ணிட்டீங்க'ன்னு ரிட்டர்ன் எடுக்கல. இதுல ஒரு விஷயம் நல்லா புரிஞ்சிக்கணும், ஃப்ளோரசன்ட்ங்கறது வேற, இருட்டுல எரியறது வேற. ஃப்ளோரசன்ட் தானா எரியாது, வானத்துல இருந்து வர்ற அல்ட்ரா வயலட்டயும் நீல வெளிச்சத்தயும் வாங்கி ஆரஞ்சாவோ பச்சையாவோ மாத்தித் திருப்பிக் குடுக்கும், அதனாலதான் மேக மூட்டத்துலயும் சூரியன் சாஞ்ச புதுசுலயும் மத்த கலர் எல்லாம் செத்துப் போனப்ப இது மட்டும் உயிரோட நிக்குது. மோட்டார் ரூம்ல மஞ்ச பல்பு கீழ பாத்தா சாதாரண பெயிண்ட்தான். கும்மிருட்டுல ஒண்ணுமே தெரியாது, அங்க டார்ச்சுதான் வேணும், எதிர்ல யாருன்னு முகம் தெரியாம துப்பாக்கிய தூக்கவே கூடாது.

வெள்ளை எது பூசறதுங்கறதுக்கு தனியா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் ஆபீஸ் ஒயிட்னர எடுத்துப் பூசறாங்க. ஒயிட்னர் நல்ல வெள்ளைதான், மூடற சக்தி அதிகம், ஆனா காஞ்சா சுண்ணாம்பு மாதிரி உதிரும், ரிவால்வர் அதிர்ச்சிக்கு சீக்கிரம் பொரிஞ்சி விழுது. ஏர் பிஸ்டலுக்கு வேணா போதும். ரிவால்வருக்கு வெள்ளை அக்ரிலிக் ரெண்டு கோட், இல்லன்னா வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு கோட், அதுதான் நிக்குது. பூசறதுக்கு முன்னாடி எண்ணெய் பசை துளி கூட இருக்கக் கூடாது. மொபைல் சர்வீஸ் கடைங்கள்ல போர்டு துடைக்க ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) வச்சிருப்பாங்க, ஒரு சின்ன பாட்டில் கேட்டா குடுப்பாங்க, காது குடையற பட்ஸ்ல தொட்டு, பட்ஸ்ல கருப்பு வர்றது நிக்கற வரைக்கும் துடைக்கணும். நெயில் பாலிஷ் ரிமூவர் இரும்பு சைட்டுக்கு ஓகே, ஆனா ஏர் பிஸ்டல்ல பல மாடல்ல ஃப்ரண்ட் சைட் ப்ளாஸ்டிக், ரிமூவர்ல இருக்கற அசிட்டோன் பட்டா அது இளகி முகம் போயிடும், அதுக்கு ஐபிஏ மட்டும்தான். உப்புத்தாள் போட்டு தேக்கற வேலையே வேணாம், நம்ம ஊர்ல கிரானைட் பட்டறை பழக்கத்துல எல்லாத்துக்கும் வாட்டர் பேப்பர் எடுக்கறாங்க, சைட்டு மேல இருக்கற கருப்பு பூச்சு போனா அங்க துரு வரும்.

இப்ப கலர். பகல்ல மனுஷக் கண்ணு அதிகமா உணர்றது 555 நானோமீட்டர் அலைநீளம் பக்கம், மஞ்சப் பச்சை, வெளிச்சம் குறைய குறைய அது 507 பக்கம், நீலப் பச்சைக்கு நகரும். அதனால சாயங்காலம் ஆனா சிவப்புதான் முதல்ல கருக்கும், பச்சை கடைசி வரைக்கும் நிக்கும். செம்பருத்திப் பூவ பொழுது சாயற நேரத்துல பாருங்க, இலை தெரியும் பூ கருப்பா இருக்கும், அதே கணக்கு. இந்தக் கணக்குப்படி பாத்தா பச்சைதான் ஜெயிக்கணும். ஆனா நம்ம தோப்புல பின்னணியே பச்சை, பெங்களூரா மாமரம் தழைச்சி நிக்கற நேரத்துல நியான் பச்சைய இலைக்கு நேரா பிடிச்சா கலந்துடுது. மரம் இல்லாத கரட்டுக் காட்டுல, செம்மண் மேட்டுக்கு எதிர்ல பிடிச்சா ஆரஞ்சு கலந்துடுது பச்சை தனியா நிக்குது. அதனால ஒரே கலர் எல்லாருக்கும்னு சொல்றது சரியில்ல. பகல் ப்ராக்டீஸுக்கு வச்சிருக்கற ஏர் பிஸ்டலுக்கு ஆரஞ்சும், சாயங்காலத்துக்கு மேல தேவைப்படலாம்னு வச்சிருக்கற ரிவால்வருக்கு எலுமிச்சை கலர்ல வர்ற மஞ்சப் பச்சையும் போட்டிருக்கேன், அந்த மஞ்சப் பச்சை இலைப் பச்சையோட கலக்காது, பொழுது போனாலும் நிக்குது, ஒண்ணுதான் வாங்குவேன்னா அதயே வாங்குங்க. சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத கண்ணு ஆம்பளைங்கள்ல சில பேருக்கு இருக்கும், அவங்களுக்கும் இந்த மஞ்சப் பச்சைதான் சேஃப்.

எங்க பூசறதுங்கறது கலர விட முக்கியம். சுடறவங்க பாக்கற முகத்துல மட்டும் பூசணும், அதுலயும் மேல மூணுல ஒரு பங்கு போதும். தகடு முழுக்க பூசினா கண்ணு எந்த இடத்த நடுன்னு எடுக்கறதுன்னு தடுமாறுது, மேல் ஓரத்த விட்டுட்டு கலரோட நடுவுல நிக்குது, அதனால குண்டு உயரமா போகும். மேல ஒரு சதுரம் மட்டும் இருந்தா சதுரத்தோட தலைய பாத்தே அடிக்கலாம்.

தகடோட உச்சில, அந்த மேல் விளிம்புல பெயிண்ட் ஏறவே கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க, பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவுல 150 மில்லிமீட்டர் இருக்குன்னு வச்சுக்குவோம், உச்சில பெயிண்ட் 0.15 மில்லிமீட்டர் ஏறிடுச்சுன்னா 10 மீட்டர்ல குண்டு 10 மில்லிமீட்டர் கீழ போகும். முன் சைட் உசந்தா குண்டு எறங்கும், இத மறக்காதீங்க. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்ல பத்து மார்க் வளையத்தோட விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான், அப்ப இந்த ஒரு சொட்டு எவ்ளோ பெரிய விஷயம்னு பாத்துக்கங்க. அது மட்டுமில்ல, உச்சில சொட்டு நின்னா கூர்மையான விளிம்பு உருண்டையாயிடும், உருண்டைக்கு தலை எதுன்னு கண்ணு எப்படி கண்டுபிடிக்கும். நான் பண்றது என்னன்னா மாஸ்கிங் டேப்ப உச்சில மடக்கி ஒட்டி, முகத்த மட்டும் தொறந்து வச்சு, துப்பாக்கிய சைட் மேல பாக்கற மாதிரி துணி மூட்டையில சாச்சு நிறுத்தி, பல்குச்சியால கீழ இருந்து மேல தள்ளிட்டு வருவேன், பெயிண்ட் தன் கனத்துல கீழ இறங்குமே தவிர உச்சிக்கு ஏறாது. டேப்ப பெயிண்ட் முழுசா காயறதுக்கு முன்னாடி உரிக்கணும், காஞ்சப்புறம் உரிச்சா பெயிண்ட்டும் பிஞ்சுட்டு வரும்.

மேட்ச் சுடற பசங்களோட அப்பா அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. போட்டிக்கு ப்ராக்டீஸ் பண்ற பிஸ்டல்ல கலர் பூசாதீங்க. அவங்க டார்கெட்ல கருப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர், அதுக்கு கீழ இருக்கற வெள்ளையில சைட்ட நிறுத்தித்தான் சுடுவாங்க, வெள்ளைக்கு எதிர்ல கருப்பு தகடு மாதிரி கூர்மையா எந்த கலரும் தெரியாது. அங்க பிரச்சன நேர் எதிர், சைட் தேஞ்சி பளபளன்னு ஆயிடக்கூடாது. அதுக்கு பழைய ஆளுங்க கற்பூரம் ஏத்தி அந்தக் கரிப் புகையில சைட்ட காட்டுவாங்க, மேட் கருப்பு ஏறிடும், துடைச்சா போயிடும், இரும்பு சைட்டுக்கு மட்டும்தான் இது.

லைசென்ஸ் விஷயத்துல பயப்படறவங்களுக்கு: சைட் முகத்துல கலர் வைக்கறது வேற, ஆயுதத்த மாத்தறது வேற. 1959 ஆயுதச் சட்டத்துல பேரல நறுக்கறது பத்தியும், அடையாள எண்ண அழிக்கறது பத்தியும் தெளிவா இருக்குது, அதனால சீரியல் நம்பர் பொறிச்சிருக்கற இடத்து மேல பெயிண்ட்டோ டேப்போ படவே கூடாது, தகட அரம் போட்டு ராவற வேலையும் நீங்களா பண்ணாதீங்க, லைசென்ஸ் வச்சிருக்கற துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்டதான் குடுக்கணும். ஏர் பிஸ்டல் பாயின்ட் 177, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா 2016 ரூல்ஸ்படி லைசென்ஸ் வேணாம், ஆனா லைசென்ஸ் வேணாம்னதும் மயிலு குரங்குன்னு அடிக்கக் கிளம்பறாங்க, அது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கேஸ். மண்ணு மேட்டுக்கு எதிர்ல அடிங்க, பாறைக்கு எதிர்ல அடிச்சா ஈய குண்டு திரும்பி வரும், நம்ம ஊர்ல பாறைக்கு பஞ்சமே இல்ல.

பூச உக்காரும்போது ரவுண்டு எல்லாம் வேற ரூம்ல பூட்டி வச்சுட்டு, சிலிண்டர தொறந்து ஆறு ஓட்டையும் வெறும் ஓட்டைன்னு வெளிச்சத்துக்கு எதிர்ல பாத்துட்டு, தொறந்த வாக்குலயே டேப் ஒட்டுங்க. பெயிண்ட் காயற நேரம் முழுக்க அது மேசை மேல கிடக்கும், வீட்டுல குழந்தைங்க இருந்தா அந்த ரூம பூட்டிடுங்க, இதுல எந்த சமாதானமும் கிடையாது.

எவ்ளோ நாள் தாங்கும்னு கேட்டா, ஃப்ளோரசன்ட் கலர் வெயில்ல வெளுக்கும், அது எல்லா ப்ராண்டுக்கும் பொது. உறைக்குள்ள, பீரோவுக்குள்ள இருக்கற துப்பாக்கிக்கு சீக்கிரம் வெளுக்காது, வெயில்லயே வச்சு ப்ராக்டீஸ் பண்ற ஏர் பிஸ்டல் சீக்கிரம் சோர்ந்துடுது. தோல் உறையில சொருகி சொருகி எடுக்கறவங்களுக்கு கலர் முதல்ல போறது மேல் மூலைலதான், அங்க வெள்ளை எட்டிப் பாக்க ஆரம்பிச்சா முழுசா எடுத்துட்டுப் புதுசா பூசுங்க, பழசு மேலயே பூசிட்டே போனா தடிமன் ஏறி மேல சொன்ன கணக்கு எல்லாம் கெட்டுடும். எடுக்கறதுக்கு மூங்கில் பல்குச்சி போதும், கத்தி முனை வேணாம்.

மார்க் போடணும்னா வெள்ளை அக்ரிலிக் ப்ளஸ் ஃப்ளோரசன்ட் மஞ்சப் பச்சை ப்ளஸ் மேட் டாப் கோட், பத்துக்கு ஒம்போது. வெள்ளை மேல நியான் நெயில் பாலிஷ் ஏழு, ஏர் பிஸ்டல் மட்டும் வச்சிருந்தா எட்டு. ஃபாரின் பேனா கலருக்கு எட்டு, விலைய சேத்தா அஞ்சு. இருட்டுல எரியற பொடிக்கு மார்க்கே இல்ல. ஃபேன்சி ஸ்டோர் அக்காவோட பொறுமைக்கு பத்துக்கு பத்து.

பின் சைட்டுக்கும் ரெண்டு பக்கம் ரெண்டு வெள்ளைப் புள்ளி வைக்கலாமான்னு சில பேர் கேப்பாங்க. வைக்காதீங்க. பின்னாடி கருப்பாவே இருக்கட்டும், மூணு புள்ளி இருந்தா கண்ணு புள்ளிய வரிசைப்படுத்தப் போயிடும், அங்க போன கண்ணு முன் சைட்டுக்குத் திரும்ப வர்றதுக்கு நேரம் எடுக்குது.